சுமையோடு போட்டுப் பார்த்த பூட்ஸ்

யொலானாவின் கால் பெருவிரல் நகம் கழன்று விழுந்த அன்று, மலையேற வருகிறவர்கள் தங்கும் ஓர்லியா குடிலின் சமையலறையில் எல்லாரும் கைதட்டினார்கள். கேலிக்கு இல்லை, மனதாரத் தட்டினார்கள். எங்கள் டாட்ரா மலையில் சுமை தூக்குகிறவர்களிடம் இப்படி ஒரு கிறுக்கு வழக்கம் உண்டு. முதல் பனிக்காலத்தில் கால் நகம் கறுத்து விழுந்தால் ஆள் தேறிவிட்டதாக அர்த்தம். குடிலை நடத்துகிறவர் தன் கையால் ஒரு கிளாஸ் பொரோவிச்கா சாராயம் ஊற்றிக் கொடுப்பார். அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டால் அன்றிலிருந்து நீ சுமைகாரன்.

யொலானா கிளாஸை வாங்கினாள். நொண்டிக்கொண்டே போய்ப் பாத்திரம் கழுவும் தொட்டியில் அதை ஊற்றினாள்.

"நகம் பேந்து போனதுக்கு விருந்தா? பூட்ஸ் சரியில்லைன்னு அர்த்தம். இது ஒருத்தர் மண்டைக்குமா ஏறல?"

"அடிப்பாவி, நல்ல சரக்காச்சே!" என்று அலறினான் இம்ரோ. குடிலின் சுமைகாரர்களில் அவன்தான் பலசாலி, வாய்க்கும் குறைச்சல் இல்லை.

வவ்ரினெட்ஸ் அலறவில்லை. குடிலை நடத்துகிறவர் அவர்தான். முப்பது வருஷமாக அந்த உயரத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். பாட்டிலை மெதுவாக மூடினார்.

"அந்த பூட்ஸ் நான் அளவெடுத்து வாங்கிக் கொடுத்தது," என்றார்.

"அதைத்தான் முதலாளி நானும் சொல்றேன்."

யொலானா ஜ்தியார் ஊர்க்காரி. அப்பா மரம் அறுக்கும் ஆலையில் இருந்தார். பள்ளியில் பனிச்சறுக்கு அணியில் சேர்ந்தபோது, அவளுக்கு முன்னால் மூன்று பேர் போட்டுக் கழித்த பூட்ஸைக் கொடுத்தார்கள். காலுக்குச் சின்னது. வலிக்கிறது என்று சொன்னாள். வலித்தால்தான் பிடிமானம் என்று பயிற்சியாளர் சொன்னார். ஒரு பருவம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு சறுக்கினாள், மறு பருவம் பூட்ஸைப் பயிற்சியாளர் மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். கல்யாணமும் அப்படித்தான். கெஜ்மரோக்கில் பேருந்து ஓட்டும் ஒருவனைக் கட்டி ஏழு வருஷம் பொறுத்தாள், எட்டாவது வருஷம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவளுக்குப் பொறுமை இல்லை என்று ஊரில் பேசினார்கள். ஏழு வருஷம் பொறுத்தவளைப் பார்த்து இப்படிச் சொல்ல எங்கள் ஊர்க்காரர்களால்தான் முடியும்.

அதன்பிறகு அடிவாரத்து ஓட்டல்களில் தட்டுக் கழுவினாள். முப்பத்து நாலாவது வயதில் ஓர்லியா குடிலுக்கு வந்து, முதல் கோடையிலேயே முதுகில் சுமை கட்டும் மரச்சட்டத்தை மாட்டிக்கொண்டாள். ஹ்ரெபியெனோக் வரைக்கும்தான் சரக்கு ரயிலில் வரும். அங்கிருந்து மேலே வண்டி கிடையாது, கழுதையும் கிடையாது. குடிலில் குடிக்கிற பால், கரைக்கிற மாவு, பீர் பீப்பாய், எரிவாயு உருளை எல்லாமே யாராவது ஒருவரின் முதுகில் ஏறித்தான் வர வேண்டும். யொலானா நாற்பத்தைந்து கிலோவில் ஆரம்பித்தாள். இரண்டாவது கோடையில் ஐம்பத்தைந்து தூக்கினாள். தன் பழைய பூட்ஸைப் போட்டுக்கொண்டுதான் தூக்கினாள், ஒரு நகமும் விழவில்லை.

கோடையில் பன்னிரண்டு பேருக்கு வேலை இருக்கும், பனிக்காலத்தில் நாலு பேருக்குத்தான். அந்த நாலு பேர் பட்டியலில் பெயர் வந்தால் வருஷம் முழுக்க மலைமேல் இருக்கலாம். வராவிட்டால் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை திரும்பவும் ஓட்டல் தட்டு. யொலானாவுக்கு அந்தப் பட்டியலில் பெயர் வேண்டும். சுமையோடு ஏறும்போது யாரும் அவளைக் கூப்பிடுவதில்லை, மணி அடிப்பதில்லை, இதைத் துடை அதைத் துடை என்று சொல்வதில்லை. அந்த மூன்று மணி நேரம் அவளுக்கே சொந்தம். அதற்காக எதையும் தூக்கத் தயாராக இருந்தாள்.

குளிர்காலத்துக்கு மட்டும் குடிலே பூட்ஸ் கொடுக்கும். நவம்பரில் முதல் பனி விழுந்ததுமே எல்லாரும் அதற்கு மாறிவிட வேண்டும். செப்டம்பரில் வவ்ரினெட்ஸ் ஒவ்வொருவரையும் பெஞ்சில் உட்காரவைத்து, பழைய காலண்டர் தாளில் பாதத்தை வைக்கச் சொல்லி, பென்சிலால் சுற்றி வரைவார். பிறகு அந்த அளவில் ஒரு எண்ணைக் குறைத்து எழுதி அனுப்புவார். தோல் இளகும், இறுக்கமாக இருந்தால்தான் பனியில் கால் நிலைக்கும் என்பது அவர் கணக்கு. முப்பது வருஷமாக இதே பெஞ்ச், இதே அளவுதான்.

சாராயத்தைக் கொட்டிய மறுநாள் யொலானா சரக்கறைக்குள் போய், காலை நனைத்துச் சிமெண்ட் தரையில் வைத்தாள். ஈரத் தடத்தைச் சுற்றி அடுப்புக்கரியால் கோடு போட்டாள். பிறகு ஐம்பது கிலோ கட்டிய சட்டத்தை முதுகில் ஏற்றிக்கொண்டு அதே இடத்தில் நின்று பார்த்தாள். பாதம் கோட்டைத் தாண்டி நாலு பக்கமும் பிதுங்கி நின்றது. நீளத்தில் அரை விரற்கடை கூடியிருந்தது. அகலத்தில் அதைவிடக் கூடுதல். அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. உட்காரவைத்து அளந்துவிட்டு அறுபது கிலோவைத் தூக்கச் சொன்னால் நகம் விழாமல் என்ன செய்யும்!

இம்ரோவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"உன் கால் பரவுது யொலாக்கா. பிசைஞ்ச மாவு கணக்கா," என்றான் அவன்.

"வாயைக் குறைச்சுட்டு நீ வந்து நில்லுடா."

"நான் எதுக்கு நிக்கணும்? என் நகமெல்லாம் எப்பவோ போயாச்சு. நான் சுமைகாரன்."

"சுமைகாரனாம்! கறுப்பு நகத்தைச் சட்டைப்பையில வச்சுக்கிட்டுத் திரி. பொண்ணு பார்க்கப் போறப்ப காட்டலாம்."

அவன் நிற்கவில்லை. நின்றிருந்தால் இந்தக் கதைக்கு வேறு முடிவு வந்திருக்கும்.

அந்த வியாழக்கிழமை யொலானா மலையிலிருந்து இறங்கி, போப்ராத் நகரத்துக்குப் பேருந்து ஏறினாள், மரச்சட்டத்தோடு. சந்தையில் இரண்டு மூட்டை உருளைக்கிழங்கு வாங்கிச் சட்டத்தில் கட்டினாள். எப்படியும் குடிலுக்கு வேண்டியதுதான். காலையில் கால் சுருங்கியிருக்கும் என்பதால் சாயங்காலம் நாலு மணி வரை அந்தச் சுமையோடு ஊரைச் சுற்றினாள். பிறகு நிமிர்ந்து நடக்க முடியாத வாசலில் குனிந்து, மலையேற்றச் சாமான் கடைக்குள் நுழைந்தாள்.

கடைக்காரர் திபோர், கழுத்தில் அளவு நாடாவோடு ஓடிவந்தார். "அம்மா, மூட்டையை வெளியில வச்சுட்டு வாங்க. இது காய்கறிக் கடை இல்லை."

"பூட்ஸ் வாங்க வந்திருக்கேன்."

"அதுக்கு மூட்டை எதுக்கு?"

"மூட்டை தூக்கத்தான் பூட்ஸ். இறக்கி வச்சுட்டுப் போட்டுப் பார்த்தா உங்க கடைக்குள்ள நடக்க நல்லாயிருக்கும். நான் உங்க கடைக்குள்ள நடக்கப் போறதில்லையே."

கடையில் இருந்த இரண்டு பனிச்சறுக்குக்காரர்கள் தாங்கள் எடுத்துப் பார்த்ததைக் கீழே வைத்துவிட்டு இவளைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

முதலில் திபோர் கொண்டுவந்தது பளபளவென்று மஞ்சள் நிறத்தில் பிளாஸ்டிக் பூட்ஸ். அந்த வருஷம் எல்லாரும் அதன் பின்னால்தான் அலைந்தார்கள். "இமயமலைக்கே இதைத்தான் போட்டுட்டுப் போறாங்க," என்றார்.

"நான் இமயமலைக்குப் போகல, பால் கொண்டு போறேன். கணுக்கால் மடங்கவே மடங்காது போலிருக்கே. முக்காவாசி தூரம் பாறைப் படியாச்சே, எப்படி ஏறுறது? வேணாம்."

அடுத்து மெல்லிய துணி பூட்ஸ் வந்தது. அடியைப் பிடித்து முறுக்கிப் பார்த்தாள், துடைக்கும் துணி மாதிரி முறுகியது. சுமையோடு கல்லில் வைத்தால் பாதம் உடைந்துவிடும் என்று ஒதுக்கினாள். மூன்றாவது தோல் பூட்ஸ், பெண்கள் அளவு. உள்ளே இருந்த மெத்தைத் தகட்டை உருவித் தரையில் போட்டு, சுமையோடு அதன்மேல் ஏறி நின்றாள். சுண்டுவிரல் முழுசாக வெளியே கிடந்தது.

"பொம்பளைங்க அளவுல இதுதாம்மா பெரிசு," என்றார் திபோர்.

"அப்போ ஆம்பளை அளவு எடுங்க."

"ஆம்பளை பூட்ஸைப் போட்டா நாலு பேர் என்ன சொல்வாங்க?"

"நாலு பேர் பார்த்து என்னய்யா சொல்றது? பூட்ஸ் பனிக்குள்ள புதைஞ்சுதானே கிடக்கப் போகுது!"

பனிச்சறுக்குக்காரர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். திபோருக்கும் மீசைக்குள் சிரிப்பு வந்தது. அதன்பிறகு அந்த மனிதர் மாறிவிட்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஏணியில் ஏறி மேல் அடுக்கிலிருந்து ஒரே தோலில் தைத்த பூட்ஸை இறக்கினார். முன்னால் விரல்கள் விரிய இடம் இருந்தது. அடி கெட்டி, கணுக்காலில் மட்டும் கொஞ்சம் இளக்கம். வவ்ரினெட்ஸ் எழுதிய எண்ணைவிட இரண்டரை எண் பெரிசு. கெட்டிக் கம்பளிக் காலுறை ஒன்றே ஒன்று போட்டு, பூட்ஸை மாட்டினாள். கடையின் நிலவறைக்கு இறங்கும் படிக்கட்டில் உருளைக்கிழங்கோடு பதினாலு தடவை ஏறி இறங்கினாள். இறங்கும்போது விரல் முன்னால் இடிக்கிறதா என்று படியின் முகப்பில் டொக் டொக்கென்று உதைத்தாள்.

"அம்மா, படி சுண்ணாம்பு உதிருது!"

"விரல் இடிக்கல. குதிகால்தான் கொஞ்சம் தூக்குது."

திபோர் தரையில் மண்டியிட்டு, பாதத்தின் வளைவுக்கு மேல் கயிற்றில் ஒரு முடிச்சைப் போட்டு நிறுத்தினார். கீழே விரல்களுக்குத் தளர்வு, மேலே கணுக்காலுக்கு இறுக்கம். யொலானா இன்னும் ஒரு தடவை படியேறினாள். குதிகால் அசையவில்லை. இருபது வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன், இப்படி ஒருத்தரும் போட்டுப் பார்த்ததில்லை என்றார் அவர். பார்த்திருக்க வேண்டியதுதானே என்றாள் யொலானா.

குடிலில் அந்த பூட்ஸைக் கண்டதும் இம்ரோவுக்குக் கொண்டாட்டம். "யொலாக்கா, இதுக்குள்ள நான் குடும்பத்தோட குடியிருக்கலாம் போலிருக்கே. ஒரு காலை வாடகைக்கு விடுவியா?"

வவ்ரினெட்ஸ் மட்டும் பூட்ஸைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, கீழே வைத்தார். முகம் சிவந்திருந்தது.

"நான் கொடுத்தது உனக்கு ஆகலையா?"

"ஆகல முதலாளி. யாருக்குமே ஆகல. அவங்க சொல்லல, நான் சொல்றேன்."

"சரி. சனிக்கிழமை அறுபது கிலோ. எட்டரைக்கு ஹ்ரெபியெனோக்கில கிளம்பி பன்னிரண்டு மணிக்குள்ள வந்து சேரணும். சேர்ந்தா பட்டியல்ல உன் பேரு. சேரலைன்னா அந்தப் படகு ரெண்டையும் மாட்டிக்கிட்டு கீழே போயிடு. இங்கே என் சொல்லைக் கேட்கிறவங்களுக்குத்தான் இடம்."

"பன்னிரண்டுக்குச் சூப்பைச் சூடா வைங்க," என்றாள் அவள்.

சனிக்கிழமை காலை பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி குளிர். மூக்குக்குள் மயிர் ஒட்டிக்கொண்டது. இம்ரோவும் அவளோடு கிளம்பினான். அவன் முதுகில் எழுபது கிலோ, செப்டம்பரில் வந்த இறுக்கமான பூட்ஸுக்குள் இரண்டு காலுறை.

"ரெண்டு போட்டா ரெண்டு மடங்கு சூடுன்னு நினைப்பா? ரத்தம் ஓட வழி விடுடா. ஒண்ணைக் கழட்டு," என்றாள் யொலானா.

"நீ உன் படகை ஓட்டு யொலாக்கா. என் காலை நான் பார்த்துக்கிறேன்."

முதல் ஒரு மணி நேரம் அவன் முன்னால் போனான், கேலி பேசிக்கொண்டே. காடு முடிந்து வெட்டவெளி வந்ததும் காற்று முகத்தில் அறைந்தது. யொலானா தன் விரல்களை பூட்ஸுக்குள் ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினாள். பத்தும் சொன்னபடி கேட்டன. சங்கிலி பிடித்து ஏறும் பாறையில் இம்ரோவைத் தாண்டினாள். அப்போது அவன் கேலி பேசவில்லை. மூச்சு வாங்குகிறது போலும் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டாள். அப்படி நினைத்ததற்காகப் பிறகு தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

பதினொன்றே முக்காலுக்குக் குடில் கதவைத் தள்ளினாள். வவ்ரினெட்ஸ் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சூப்பை ஊற்றினார். ஜெயித்துவிட்டாள். தட்டைத் தொடும் முன்னால் அந்தச் சந்தோஷத்தை அவள் நன்றாகவே அனுபவித்தாள், அதில் என்ன தப்பு?

பன்னிரண்டே காலுக்கு இம்ரோ வந்தான். சட்டத்தை இறக்கிவிட்டு அடுப்போரம் உட்கார்ந்து சிரித்தான். ஆனால் கதவிலிருந்து அடுப்பு வரை அவன் நடந்த நடையை யொலானா பார்த்துவிட்டாள். காலை ஊன்றி நடக்கவில்லை. மரக்கட்டையைத் தூக்கி வைப்பதுபோல் வைத்து நடந்தான்.

"பூட்ஸைக் கழட்டு."

"அப்புறம். குளிருது."

"இம்ரோ, விரல்ல உணர்ச்சி இருக்கா உனக்கு?"

அவன் வவ்ரினெட்ஸ் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "சத்தம் போடாதே யொலாக்கா. கால் போச்சுன்னா பட்டியல்ல பேரை அடிச்சுடுவாரு. கொஞ்ச நேரம் அடுப்புகிட்ட இருந்தா சரியாயிடும்."

"அவனை விடும்மா," என்றார் வவ்ரினெட்ஸ். "குளிர்னா மரத்துத்தான் போகும். எங்களுக்கு மரக்காததா?"

யொலானா ரொட்டி அறுக்கும் கத்தியை எடுத்தாள். இம்ரோ காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். அவள் அவன் முழங்கால்மேல் ஏறி உட்கார்ந்து, கயிறுகளை ஒரே இழுப்பில் அறுத்தாள். பூட்ஸ் வரவில்லை, இரண்டு கையாலும் பிடித்து உருவ வேண்டியிருந்தது. இரண்டு காலுறையையும் கழற்றினாள். வலது காலின் நாலு விரல்கள் மெழுகு நிறத்தில் இருந்தன. தொட்டால் கல்.

வவ்ரினெட்ஸ் வெளியே போய்ப் பனியை அள்ளிக்கொண்டு வந்தார். "தேய்ச்சா ரத்தம் வரும்."

"தோல்தான் வரும்! கிட்ட வராதீங்க," என்று யொலானா கத்தினாள். அந்தக் குடிலில் அவரைப் பார்த்து யாரும் அப்படிக் கத்தியதில்லை. வெந்நீரில் தண்ணீர் கலந்து, தன் முழங்கையை விட்டுச் சூடு பார்த்து, அவன் காலை அதில் இறக்கினாள். அரை மணி நேரம் கழித்து உணர்ச்சி திரும்பியது. எழுபது கிலோவைச் சிரித்துக்கொண்டே தூக்குகிறவன் பெஞ்சைக் கடித்துக்கொண்டு அழுதான். இரண்டு விரல் சிவந்தது. மற்ற இரண்டும் நீலமாகவே கிடந்தன.

வவ்ரினெட்ஸ் மலை மீட்புக்காரர்களுக்குத் தகவல் சொல்லிவிட்டு வந்தார். சுவரில் மாட்டியிருந்த பட்டியலின் முன்னால் நின்றார்.

"இம்ரோ கீழே போறான். இந்தப் பனிக்காலத்துக்கு அவன் இல்லை. அவன் பேரை அடிச்சுட்டு உன் பேரை எழுதுறேன். நீ நேரத்துக்கு வந்தே, சொன்ன சொல்லை நான் மாத்த மாட்டேன்."

அவள் கேட்டது அதுதான், இரண்டு வருஷமாகக் கேட்டது. தண்ணீர்ப் பாத்திரத்தின் முன்னால் குத்துக்காலிட்டு இருந்தவள் எழுந்தாள்.

"என் பேரை எழுதுங்க. அது நான் தூக்கி வாங்கினது. ஆனா இவன் பேரை அடிக்கக் கூடாது. கால் ஆறினதும் இவன் வருவான். வர்ற வரைக்கும் இவன் சுமையையும் நாங்க மூணு பேர் பிரிச்சுத் தூக்குவோம். இவன் பேரை அடிச்சா என் பேரையும் சேர்த்து அடிங்க. அப்புறம் பீப்பாயை நீங்களே தூக்கிட்டு வாங்க."

"என்னை மிரட்டுறியா?"

"ஆமா."

"கால்ல அடிபடாம எவன்டி சுமைகாரன் ஆனான்?" என்று வவ்ரினெட்ஸ் உறுமினார். பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்து, செருப்பை உதறி, காலுறையைப் பிடுங்கிப் போட்டார். முப்பது வருஷத்தில் அந்தக் காலை யாரும் வெறுமையாகப் பார்த்ததில்லை. இடது பாதத்தில் பெருவிரலும் அதற்கு அடுத்ததும் மட்டும்தான் இருந்தன. மிச்ச இடம் வழவழவென்று மூடியிருந்தது. "பார்த்துக்கோ. அப்ப எனக்கு இருபத்து மூணு வயசு. மூணு விரல் போச்சு. மறு வாரமே தூக்கினேன். ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டேனா? கேளு, யாரையாவது கேளு!"

அவர் அதைப் பெருமையாகத்தான் காட்டினார். யொலானா அந்தக் காலைப் பார்த்தாள். ஆத்திரம் அடங்கவில்லை, ஆனால் அதற்கு நடுவில் அந்த மனிதர்மேல் அவளுக்குப் பாவமாக இருந்தது.

"விட்டிருக்கணும் முதலாளி," என்றாள். "அன்னைக்கு நீங்க வாய்விட்டு அழுதிருந்தா, இன்னைக்கு இவனுக்கு விரல் தப்பிச்சிருக்கும்."

வவ்ரினெட்ஸ் தரையில் கிடந்த காலுறையை எடுக்கக் குனிந்தவர் அப்படியே குனிந்திருந்தார். யொலானா பட்டியலில் இம்ரோவின் பெயருக்குக் கீழே தன் பெயரைத் தானே எழுதிவிட்டு, அவன் காலுக்கு இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றப் போனாள்.